வாத்தைப் பறக்கவிட்டவன்

முப்பது வயதைக் கடந்த நேயர்களில் பலர், இளமையில் ‘டக் ஹண்ட்’ என்னும் வாத்து வேட்டை விளையாட்டை ஆடியிருப்பர். தொலைக்காட்சியின் முன் பிளாஸ்டிக் துப்பாக்கியை நீட்டி, புல்வெளியிலிருந்து எழும்பும் வாத்தைச் சுட வேண்டும். தவறினாலோ, புல்லிலிருந்து ஒரு நாய் தலை நீட்டி நகைக்கும். அந்த நாயை நினைத்தால் எனக்கு இன்றும் சினம் மூளுகிறது. அவ்விளையாட்டினுள் நாம் அறியாமல் மறைந்து கிடந்த சிலவற்றை எழுத முற்படுகிறேன். மெட்ரிக் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கும் மின்னணு நுட்பத்துக்கும் வெகு தூரம். ஆயினும், எனக்கும் என் தம்பிக்கும் இடையே ஒரு பழைய வழக்கு இருந்தது. அதன் பொருட்டே தேடிப் படிக்க நேர்ந்தது.

இவ்விளையாட்டை ஆக்கியது ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ. 1984-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியாகி, மறு ஆண்டு அமெரிக்கா சென்றது. அதற்கும் முன்னரே, 1976-இல், அந்நிறுவனத்தின் குன்பெய் யோகோய் என்பார், சுவரில் விளக்கொளியால் வாத்துருவம் காட்டிச் சுடும் பொம்மை ஒன்றை அமைத்திருந்தார். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அசல் பெட்டிகள் அல்ல. தொண்ணூறுகளில் கடைத்தெருக்களில் விற்ற நகல்கள். எங்கள் தந்தையார் பூஜை போனஸ் வந்த மாதத்தில் அப்படி ஒன்றைக் கரக்பூர் ரயில்வே காலனிக் குவார்ட்டர்ஸுக்கு வாங்கி வந்தார். அது 1998-ஆம் ஆண்டு. எனக்கு வயது பத்து, தம்பிக்கு ஆறு.

பெட்டியுடன் கையேடு எதுவும் வரவில்லை. கேஸட்டைச் செருகி, ரிமோட் என்று நாங்கள் அழைத்த பொத்தான் பலகையால் ஆட்டத்தைத் தொடங்குவோம். பின்னர் அதற்கு வேலை கிடையாது என்பது எங்கள் எண்ணம். எனவே, “எனக்கும் கொடு” என்று அழும் தம்பியின் கையில் அந்த ரிமோட்டைத் திணித்து, ஒரு மூலையில் உட்கார வைப்பது என் வழக்கமாயிற்று. அவனும் பொத்தான்களை அழுத்திக்கொண்டு, “நான்தான் வாத்தை ஓட்டுகிறேன்” என்பான். கூடியிருக்கும் வங்காளி, தெலுங்குப் பிள்ளைகளெல்லாம் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிறன்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையனோடு பந்தயம் வைத்தேன். ஒரு சுற்றுக்குப் பத்து வாத்துகள். ஆறாவது வீழ்த்தினால்தான் அடுத்த சுற்று. ஒன்பது வாத்துகள் வந்து போய் ஐந்துதான் வீழ்ந்திருந்தன. பத்தாவது வாத்து எழுந்தது. மூன்று தோட்டாக்களும் வீணாயின. நாய் நகைத்தது. காலனிப் பிள்ளைகள் அதைவிட உரக்க நகைத்தனர். மூலையிலிருந்து தம்பி, “நான்தான் பறக்கவிட்டேன்!” என்று குதித்தான். பொய் சொல்கிறாயா என்று ஓங்கி ஓர் அறை கொடுத்தேன். அம்மா வந்து விசாரித்தபோது, அவளும் அவனையே கடிந்துகொண்டாள். அதன்பின் அவன் அந்த ரிமோட்டைத் தொட்டதே இல்லை.

சென்ற ஆண்டு தந்தையாரின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்த விளையாட்டுப் பெட்டி அகப்பட்டது. என் மகளுக்குக் காட்டலாமென்று எங்கள் தட்டைத் தொலைக்காட்சியில் இணைத்தேன். படம் வந்தது, வாத்தும் வந்தது. ஆனால் எத்தனை முறை சுட்டும் ஒன்றுகூட விழவில்லை. துப்பாக்கி பழுதாயிற்று என்றே எண்ணினேன். விசாரித்ததில், துப்பாக்கியைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்தே தலைகீழ் என்று தெரிந்தது.

அத்துப்பாக்கி எதையும் சுடுவதே இல்லை. அதன் குழாயினுள் இருப்பது ஒளியை உணரும் ஒரு சிறு கண். விசையை இழுத்ததும், இமைக்கும் நேரத்திலும் சிறு கூறில், திரை முழுவதும் கறுத்துவிடும். அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். முதலில் இருளையும் உடனே வெண்மையையும் அந்தக் கண் கண்டால் வாத்து வீழ்ந்தது என்று கணக்கு. முதலில் கறுப்பைக் காட்டுவது ஏன் எனில், விளக்கையோ வேறு வெளிச்சத்தையோ குறிபார்த்து ஏமாற்றாதிருக்கவே. இரண்டு வாத்துகள் பறக்கும் ஆட்டமாயின், கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கணத்தில் ஒளி தெரிந்ததோ அந்த வாத்துக்கு அடி. பழைய படக்குழாய்ப் பெட்டி, வரும் படத்தை வந்த கணமே வரி வரியாக வரைந்தது. புதுப் பெட்டியோ சற்றுத் தாமதித்துக் காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் வந்து சேரும் முன் துப்பாக்கியின் கண் பார்த்து முடித்துவிடுகிறது. நம் கண்முன்னே ஆயிரம் முறை தோன்றியும் நாம் ஊன்றிப் பாராத கட்டம் அது.

இன்னும் சில உண்டு. முதல் ஆட்டத்தில் 99-ஆம் சுற்றைக் கடந்தவனுக்கு நூறாம் சுற்று இல்லை. 0 என்று ஒரு சுற்று வருகிறது. அங்கே வாத்துகள் தாறுமாறாகத் திரிகின்றன, அல்லது தோன்றுவதே இல்லை. ஆட்டம் அத்துடன் முடிகிறது. இரண்டு இலக்கத்துக்கே கட்டம் போட்ட பேரேட்டில் நூறை எழுத முயன்று தவித்த குமாஸ்தாக்களுக்கு இது வியப்பாக இராது. நாயைச் சுட வழியுண்டா என்று கேட்காத பிள்ளை இல்லை. வீட்டுப் பெட்டியில் வழி இல்லை. விளையாட்டுக் கூடங்களுக்காக ஆக்கிய ‘வி.எஸ். டக் ஹண்ட்’ என்னும் வடிவில் மட்டும், இடையே வரும் ஒரு சிறப்புச் சுற்றில் நாய் குறுக்கே பாயும், அதன்மேல் குண்டும் படும். இதை அறிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கே விவரிப்பது நாகரிகமாகாது. வீட்டு ஆட்டம் முழுவதும் 24 கிலோபைட்டில் அடக்கம். இன்றைய கைப்பேசிப் புகைப்படம் ஒன்றில் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

இவற்றைப் படித்து வருகையில்தான் அந்த வரி கண்ணில் பட்டது. ஒற்றை வாத்து பறக்கும் முதல் ஆட்டத்தில், ஒருவர் துப்பாக்கி பிடிக்க, மற்றொருவர் ரிமோட்டால் வாத்தை விரும்பிய திசையில் செலுத்தலாம். அசல் பெட்டியுடன் வந்த கையேட்டில் இது வெளிப்படையாகவே அச்சிடப்பட்டிருந்ததாம். நாங்கள் பந்தயம் கட்டி ஆடியது அந்த முதல் ஆட்டமே.

சிறிது நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. ஆறு வயதுப் பிள்ளை மெய்யைச் சொன்னான், அறை வாங்கினான், தாயிடம் ஏச்சும் வாங்கினான். இத்தனை ஆண்டுகளாக அவன் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நானோ அதை வேடிக்கைக் கதையாக எத்தனையோ விருந்துகளில், அவன் மனைவியின் எதிரிலுங்கூட, சொல்லியிருக்கிறேன்.

தம்பி இப்பொழுது பூனாவில் வேலை பார்க்கிறான். அன்றிரவே தொலைபேசியில் அழைத்து, படித்ததைச் சொன்னேன். அறைந்தது தவறு என்றும் சொன்னேன்; அண்ணன் தம்பிக்குள் அப்படிப் பேசிப் பழக்கமில்லாததால் சொற்கள் தடுமாறின.

அவன் நகைத்தான். பிறகு, “அண்ணா, முன்னே தப்பிய நான்கு வாத்துகளையும் ஓட்டியவன் நான்தான். நீ அழுதுவிடுவாய் போலிருந்ததால் பத்தாவது வந்தபோது ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். அதைப் பறக்கவிட்டேன் என்று சொன்னது மட்டும் பொய். அதை நீயேதான் தவறவிட்டாய்” என்றான்.