கதை நம்முடையது, எழுத்தும் நம் கையில் இருக்கட்டும்

டோல்கேட்டில் ஒரு பக்கம் டி.எச். ரோடு, மறுபக்கம் கடலை ஒட்டிய எண்ணூர் விரைவுச் சாலை. இரவு பத்து மணிக்கு மேல் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில், இங்குள்ள டீக்கடைகளில் சினிமாக் கதை பேசும் இளைஞர்களைப் பார்க்கலாம். அவர்களில் ஒருவர், கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதும் தம்பி, ஒரே இரவில் நம்மிடம் மூன்று கதைகள் சொன்னார். மூன்றும் நன்றாக இருந்தன.

"எழுதி வெச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டோம்.

"இல்லண்ணே, எல்லாம் மனசுல ஓடுது" என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சினிமா அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் கதை சொல்லிவிட்டு வந்ததாகவும் சொன்னார். கூப்பிடுகிறோம் என்றார்களாம், கூப்பிடவில்லை. அந்தக் கதை இன்று அவரிடம் ஒரு தாளில்கூட இல்லை. பாதி மறந்தும் போய்விட்டது. வடசென்னையில் வளர்ந்து வரும் பல திரைக்கதையாசிரியர்களின் நிலை இதுதான். வாயில் கதை இருக்கிறது, கையில் எழுத்து இல்லை.

வெளியிலிருந்து எழுதப்பட்ட ஊர்

நம் பகுதி சினிமாவுக்குப் புதியதல்ல. ஆனால் பல ஆண்டுகளாக வடசென்னை என்றால் அரிவாள், கஞ்சா, கெட்ட வார்த்தை என்றுதான் திரையில் காட்டினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ஆலையில் ஷிப்ட் பார்த்தவர், இரவுப் பள்ளி நடத்தியவர், கேரம் போர்டிலும் குத்துச்சண்டையிலும் பெயர் எடுத்தவர் யாரும் அதில் இல்லை. எழுதியவர்கள் நம்மோடு வாழ்ந்தவர்கள் இல்லை என்பதே காரணம். தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடப்படும் வரை, நம்மைக் கேவலப்படுத்திய படங்களுக்கும் நாமே டிக்கெட் எடுத்துக் கைதட்டியிருக்கிறோம்.

இந்த நிலை மாறத் தொடங்கியது பா.இரஞ்சித்தின் வருகைக்குப் பிறகு. 2012-ல் 'அட்டகத்தி', 2014-ல் வியாசர்பாடியைக் களமாகக் கொண்ட 'மெட்ராஸ்', 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' என அவர் படங்களில் நம் தெருவும், நம் பேச்சும், நம் வீட்டுப் பெண்களின் அதட்டலும் மரியாதையோடு வந்தன. நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பெயரும் இங்கே இருக்கிறது. 'சார்பட்டா' திரைக்கதையில் இரஞ்சித்தோடு இணைந்து எழுதியவர் தமிழ்ப்பிரபா.

முதலில் எழுத்து, பிறகு சினிமா

தமிழ்ப்பிரபா சினிமாவுக்கு எழுதும் முன் நாவல் எழுதினார். சிந்தாதிரிப்பேட்டை மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் 'பேட்டை' 2018-ல் வெளியானது. 'சார்பட்டா' வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. 2024-ல் வந்த 'தங்கலான்' படத்திலும் அவர் எழுத்துப் பங்களிப்பு உண்டு. அதே படத்தின் வசனத்தில் பங்களித்த அழகிய பெரியவனும் நாவலாசிரியராக அறியப்பட்டவர்.

தென் மாவட்டத்திலிருந்து வந்த மாரி செல்வராஜின் வழியும் இதுவே. இயக்குநர் ராமிடம் உதவி இயக்குநராக இருந்த காலத்தில் சிறுகதைகள் எழுதினார். ஆனந்த விகடனில் 'மறக்கவே நினைக்கிறேன்' தொடர் எழுதினார். 'பரியேறும் பெருமாள்' 2018-ல்தான் வந்தது.

இவர்கள் யாரும் வாய்ப்பு வந்த பிறகு எழுத உட்காரவில்லை. வாய்ப்பு வந்தபோது எழுத்து ஏற்கனவே தயாராக இருந்தது. தயாரிப்பாளரைப் பார்க்க ஆள் பலம் வேண்டும், அறிமுகம் வேண்டும். ஒரு சிறுகதை எழுத நாற்பது பக்க நோட்டு போதும். நம் பிள்ளைகளுக்கு முதலில் திறக்கும் கதவு இதுதான்.

எதை எழுதுவது?

திரைக்கதை எழுதச் சொல்லித்தரும் நூல்கள் தமிழில் உண்டு. சுஜாதாவின் 'திரைக்கதை எழுதுவது எப்படி?' பலருக்கும் தெரிந்தது. கருந்தேள் ராஜேஷின் 'திரைக்கதை எழுதலாம் வாங்க' இன்னொன்று. அமெரிக்காவின் ஸிட் ஃபீல்ட் 1979-ல் வெளியிட்ட நூல் பிரபலமாக்கிய தொடக்கம், மோதல், முடிவு என்ற மூன்று பகுதிக் கட்டுமானம்தான் இன்று இணையத்தில் பேசப்படும் பெரும்பாலான பாடங்களுக்கு அடிப்படை.

அந்தப் பாடத்தை நம் ஊர்ப் படத்திலேயே படிக்கலாம். 'சார்பட்டா'வின் கபிலன் துறைமுகத் தொழிலாளி. அவனுக்கு வேண்டியது குத்துச்சண்டை மேடை. தடுப்பது வில்லன் அல்ல, பெற்ற தாய். குத்துச்சண்டைக்குப் போன கணவன் ரவுடியாகிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அந்த வீட்டுச் சண்டை மேடைச் சண்டைக்குச் சமமாக நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. கதாநாயகனுக்கு என்ன வேண்டும், தடுப்பவருக்கு என்ன நியாயம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதிவிட்டால் கதை நிற்கும்.

முதலில் கதையை நான்கு வரியில் எழுதுங்கள். பிறகு சீன் ஆர்டர் போடுங்கள். வசனத்தைக் கடைசியில் எழுதுங்கள். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. தினம் ஒரு பக்கம் எழுதினால் நான்கு மாதத்தில் ஒரு படத்தின் முழு ஸ்கிரிப்ட் கையில் இருக்கும். நைட் ஷிப்ட் பார்ப்பவராலும் இது முடியும்.

பதிவு செய்யுங்கள்

எழுதியதைக் காப்பதும் எழுத்து வேலையில் சேர்ந்தது. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை விரித்து எழுதிய விதத்துக்கே உண்டு என்று 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. டீக்கடையில் சொன்ன கதைக்குச் சட்டத்தில் பிடிமானம் குறைவு என்பது இதன் பொருள்.

2018-ல் 'சர்கார்' படம் வெளியாகும் முன், அது தன் 'செங்கோல்' கதையை ஒத்திருப்பதாக உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் புகார் எழுப்பினார். அவர் அந்தக் கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் 2007-லேயே பதிவு செய்திருந்தார். நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, படத்தில் அவர் பெயருக்கு அங்கீகாரம் கிடைத்தது. பெரிய நடிகரின் படத்துக்கு எதிரே ஒரு தனி மனிதர் நிற்க முடிந்தது என்றால், பதினோரு ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்த அந்தத் தாள்கள்தான் அவருக்குத் துணை. சங்கத்தில் உறுப்பினராகிப் பதியலாம். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். கதை சொல்லப் போகும் முன் இதைச் செய்யுங்கள்.

கற்றதைச் சொல்லிக் கொடுங்கள்

சினிமாவில் நம்மவர்களுக்குச் சித்தப்பா, மாமா கிடையாது. எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது, ஒப்பந்தத்தில் எந்த வரியைக் கவனிப்பது என்று வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லை. இரஞ்சித் 2018-ல் சென்னையில் உதவி இயக்குநர்களுக்காகக் 'கூகை' நூலகத்தைத் தொடங்கியதும், எளிய குடும்பத்துப் பட்டதாரிகளுக்காக வெற்றிமாறன் 2021-ல் திரை-பண்பாடு ஆய்வகம் தொடங்கியதும் இந்தக் குறையை உணர்ந்துதான்.

இன்று கைபேசி இருக்கிறது. தான் கற்றதை யூடியூபிலும் முகநூலிலும் பகிரும் இளம் எழுத்தாளர்கள் பெருகியிருக்கிறார்கள். பெரிய ஆளான பிறகுதான் பேச வேண்டும் என்றில்லை. நேற்று ஒரு சீன் எழுதத் தெரியாமல் தவித்தவர், இன்று அதை எப்படி முடித்தார் என்று சொன்னால், நாளை எழுதப்போகும் பிள்ளைக்கு அதுவே பாடம். ஆனால் ஒரு கவனம் வேண்டும். எழுதும் முறையைப் பகிருங்கள், எழுதிக்கொண்டிருக்கும் கதையைப் பகிராதீர்கள்.

இது நமக்குப் புதிய வழக்கமும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளியிட்டார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியது போதும், நாமே எழுதுவோம் என்று நூறாண்டுக்கு முன்பே தொடங்கியவர்கள் அவர்கள். அச்சகம் இருந்த இடத்தில் இன்று கைபேசி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த யார்டு தம்பியைப் போன வாரம் மீண்டும் பார்த்தோம். சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார். "மறந்துபோன கதைதாண்ணே, எழுத எழுத ஞாபகம் வருது" என்றார். பன்னிரண்டாவது பக்கத்தை எழுதிய பிறகு வந்து பார்க்கச் சொல்லி அனுப்பினோம்.