சம்பளம் வேண்டாம், பங்கு போதும்: ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போட்ட கணக்கு!

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு மார்க்கெட் கொஞ்சம் டல். 1946-ல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வசூலில் சறுக்கியது. கேட்ட சம்பளத்தைத் தர யுனிவர்சல் ஸ்டூடியோ தயங்கியது.

ஏஜென்ட் லூ வாஸர்மேன் ஒரு வழி சொன்னார்: 'வின்செஸ்டர் 73' கவ்பாய் படத்துக்குச் சம்பளம் வேண்டாம், லாபத்தில் பங்கு கொடுங்கள். படம் ஊத்திக்கிட்டால் கைக்கு ஒன்றும் வராது. ஆனால் 1950-ல் படம் ஹிட்! ஸ்டூவர்ட்டுக்குக் கிடைத்தது சுமார் 6 லட்சம் டாலர் என்கிறார்கள்.

இதில் வரிக் கணக்கும் உண்டு. அப்போது அமெரிக்காவில் உச்ச வருமான வரி 80 சதவீதத்துக்கும் மேல். பங்குத்தொகை பல வருடங்களில் பிரிந்து வந்தால் வரி குறையும்.

லாபப் பங்கை முதலில் கேட்டவர் இவரல்ல. ஆனால் இந்த டீலைப் பார்த்துதான் பல ஸ்டார்கள் துணிந்தார்கள். ஸ்டூடியோக்களிடம் இருந்த கடிவாளம் மெல்லக் கைமாறத் தொடங்கியது.