ஸ்பானிய வினைமுற்று: "அப்லார்" என்னும் சொல்லின் கால வடிவங்களும் நோக்கு வடிவங்களும்

போர்த்துக்கேயர் இலங்கையிற் கால்வைத்த 1505ஆம் ஆண்டு தொடங்கி, 1658இல் அவர் இங்கிருந்து அகற்றப்பட்ட காலம் வரை நம் வீடுகளுட் புகுந்த சொற்கள் பல. மேசை, அலுமாரி, சாவி, யன்னல் என்பன அவற்றுட் சில. இங்ஙனம் வந்தவை பெரும்பாலும் பெயர்ச்சொற்களே என்பது கருதத்தக்கது. பெயர் பொருளோடு கப்பலேறி வந்துவிடும்; வினையோ தன் மொழியின் மண்ணைவிட்டு எளிதிற் பெயர்வதில்லை. ஆதலின், போர்த்துக்கேய மொழிக்கு உடன்பிறப்பாகிய ஸ்பானிய மொழியைக் கற்கப் புகும் தமிழ் மாணவன், மேசைக்கு அம்மொழியிலும் "மேஸ" என்பதே பெயரென்று கண்டு மகிழ்ந்த மறுநாளே வினைச்சொல் அட்டவணையைக் கண்டு மலைக்கின்றான். ஒழுங்கான வினை ஒன்று தனிச்சொல்லாய் நின்று கொள்ளும் முற்றுவடிவங்களே ஐம்பதுக்கு மேற்பட்டன. துணைவினையோடு கூடியவை ஏறத்தாழ அதே அளவின.

இவ்வட்டவணையை நெட்டுருச் செய்யுமாறு பாடநூலார் பணிப்பர். பகுபதத்தை உறுப்புப் பிரித்துக் காணப் பழகிய நமக்கு அது வேண்டப்படுவதன்று. வடிவம் எளிது; அருமை வேறிடத்தில் உளது என்பதையே இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

எடுத்துக்காட்டாக "அப்லார்" என்பதைக் கொள்வாம். "பேசுதல்" என்பது பொருள். கதை சொல்லுதல், உரையாடுதல் எனப் பொருள்தரும் "ஃபாபுலாரி" என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது இது. முதலில் நின்ற ஃபகரம் காலப்போக்கில் தேய்ந்து ஹகரமாகி, இன்று எழுத்தில் மட்டும் நின்று ஒலியின்றி ஒழிந்தது. இச்சொல்லிலுள்ள பகரத்தை "அன்பு" என்பதிற் போல மெலிந்தொலிக்கும்படி ஒலித்தல் வேண்டும். இன்னுமொன்று. ஸ்பானியத்திற் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ஆயின் ஒவ்வொரு சொல்லிலும் ஓரசை அழுத்தம் பெறும். அவ்வழுத்தத்தைக் காட்டுதற்கே ஈண்டு நெட்டெழுத்தை ஆளுகின்றோம். இது வெறும் எழுத்து நேர்த்தியன்று. "ஆப்லொ" என்றால் பேசுகின்றேன்; "அப்லோ" என்றால் அவன் பேசினான். எழுத்துக்கள் அவையே, அழுத்தம் இடம் மாறியவுடன் காலமும் இடமும் ஒருங்கே மாறிவிடுகின்றன.

இனி, "அப்லாபமொஸ்" என்னும் வடிவத்தைப் பிரித்துக் காண்போம். பொருள்: நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். "அப்ல்" பகுதி, "ஆ" இவ்வினை எவ்வினத்தது என்று காட்டும் உயிர், "ப" காலங்காட்டும் இடைநிலை, "மொஸ்" தன்மைப் பன்மை விகுதி. பகுதி, இடைநிலை, விகுதி என்னும் வரிசை நம் வினைமுற்றின் வரிசையே. விகுதி இடத்தைக் காட்டுவதால் எழுவாய் தோன்றாது நிற்றலும் நம் மொழியிற் போலவே இயல்பு. "மொஸ்" நாங்கள், "ஸ்" நீ, "ய்ஸ்" நீவிர், "ன்" அவர்கள் என்னும் இவ்விகுதிகள் ஏறக்குறைய எல்லாக் காலங்களிலும் மாறாது வருவன. படர்க்கை ஒருமைக்குப் பெரும்பாலும் விகுதியே இல்லை. ஆண்பால் பெண்பால் வேறுபாடும் வினையில் இல்லை: "ஆப்ல" என்பது பேசுகின்றான், பேசுகின்றாள், பேசுகின்றது என்னும் மூன்றற்கும் பொது. நிகழ்காலம் முழுவதும் ஆப்லொ, ஆப்லஸ், ஆப்ல, அப்லாமொஸ், அப்லாய்ஸ், ஆப்லன் என வரும்.

இவ்வொழுங்கிற்கு அடங்காது நிற்பது ஒன்றே. அது முடிந்துபோன செயலைக் கூறும் இறந்தகாலம். அப்லே, அப்லாஸ்தெ, அப்லோ, அப்லாமொஸ், அப்லாஸ்தெய்ஸ், அப்லாரொன் என்பன அதன் வடிவங்கள். "நீ பேசினாய்" என்னும் "அப்லாஸ்தெ"யின் ஈற்றில் முன்னிலைக்குரிய "ஸ்" இல்லாமை நோக்குக. எழுத்தறிவு குறைந்தோர் பலர் பேச்சில் அதனையும் சேர்த்து "அப்லாஸ்தெஸ்" என்பர். ஆசிரியர் அதனைப் பிழையென்று திருத்துவர். பிழையே எனினும், ஒழுங்கை விரும்பும் மனத்தின் பிழை அது.

வினைகள் "ஆர்", "ஏர்", "ஈர்" என்னும் மூன்று ஈறுகளால் மூவினப்படும். கோமேர் உண்ணுதல், பிபீர் வாழ்தல். இலத்தீனில் நான்காக இருந்த இனங்கள் ஸ்பானியத்தில் மூன்றாய்க் குறைந்தன. முதலினமே மிகப் பெரிது. புதிதாய்ப் பிறக்கும் வினைகளும் பெரும்பாலும் அதனுட்சென்றே சேர்கின்றன. ஏனைய இரண்டும் தம்முட் பெரிதும் ஒத்தவையாதலின் அவற்றை விரிக்க வேண்டா.

இதுகாறும் கூறியது வடிவம். இனிப் பொருளுக்கு வருவோம்.

ஸ்பானியத்தில் இறந்தகாலம் இரண்டு. மேற்காட்டிய "அப்லோ" முதலியவற்றை முற்றிறப்பு என்றும், "அப்லாப" முதலியவற்றைத் தொடரிறப்பு என்றும் வழங்குவாம். இவ்விரண்டும் அண்மை சேய்மை பற்றியன அல்ல. செயலை முழுதாய் வெளியே நின்று காண்பது முற்றிறப்பு; செயலின் நடுவே நின்று காண்பது தொடரிறப்பு. "குவாந்தொ யெகே, ஆன அப்லாப" என்றால், நான் வந்தடைந்தபோது ஆனா பேசிக்கொண்டிருந்தாள் என்பது பொருள். "குவாந்தொ யெகே, ஆன அப்லோ" என்றால், நான் வந்ததும் ஆனா பேசினாள் என்றாகும். முன்னதிற் பேச்சு என் வருகைக்கு முன்னரே நிகழ்ந்துகொண்டிருந்தது. பின்னதில் என் வருகையே பேச்சைத் தொடக்கியது.

"கொண்டிருந்தாள்" என வரும் இடமெல்லாம் தொடரிறப்பு என்று மாணவர் விதி செய்துகொள்வர். அவ்விதி பாதியே உண்மை. வழக்கமாக நிகழ்ந்ததைக் கூறவும் தொடரிறப்பே வரும். "என் பாட்டனார் மாலைதோறும் எங்களோடு பேசுவார்" என்று இறந்துபோன பாட்டனாரைப் பற்றிக் கூறுகின்றோம் அல்லவா? ஆங்கே தமிழ் எதிர்கால வடிவத்தை ஆள்கின்றது. ஸ்பானியம் "அப்லாப" என்னும். ஆகவே, "பேசிக்கொண்டிருந்தார்" என்பதும் வழக்கப்பொருளில் வரும் "பேசுவார்" என்பதும் ஸ்பானியத்தில் ஒரே வடிவத்துள் அடங்கும். தமிழ்ச் சொல்லை நோக்கிக் காலத்தைத் தெரிபவன் இவ்விடத்திற் தவறாது வழுக்குவான். நிகழ்ச்சியை நோக்கித் தெரிதல் வேண்டும்.

எதிர்காலத்தின் வரலாறு இனியதொன்று. அப்லரே, அப்லராஸ், அப்லரா, அப்லரேமொஸ், அப்லரேய்ஸ், அப்லரான் என்பன அதன் வடிவங்கள். ஏனைய காலங்கள் பகுதியோடு இடைநிலை பெற, இஃது "அப்லார்" என்னும் முழுச்சொல்லின் மேல் ஈறு பெறுவது ஏன்? செம்மையான இலத்தீனில் வழங்கிய எதிர்கால வடிவங்கள் பேச்சுவழக்கில் அழிந்தன. அவற்றிற்குப் பதிலாகத் தொழிற்பெயரோடு "உடையேன்" என்னும் வினையைச் சேர்த்துச் சொல்லினர். "பேசுதல் உடையேன்" என்பது "பேசக் கடவேன்" என்றாகி, ஈற்றிற் "பேசுவேன்" என்று நின்றது. "அப்லார்" என்பதனோடு "எ" என்னும் துணைவினை ஒட்டி "அப்லரே" ஆயிற்று. பழைய காஸ்தீலியத்தில் இவ்வொட்டு முற்றாக இறுகவில்லை. "உன்னோடு பேசுவேன்" என்பதை "அப்லார்-தெ-எ" என்று நடுவே பெயரைச் செருகிக் கூறினர். அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492இல் சலமாங்கா நகரில் வெளியிட்ட காஸ்தீலிய இலக்கணத்திலேயே எதிர்காலத்தின் இக்கூட்டமைப்பு எடுத்துக் கூறப்பட்டுள்ளது. கொலம்பஸ் கடல்கடந்த ஆண்டும் அதுவே.

எதிர்கால வடிவம் ஊகத்தையும் உணர்த்தும். "செரான் லஸ் த்ரேஸ்" என்பது சொல்லுக்குச் சொல் "மூன்று ஆகும்" என்பது. கருத்தோ, "இப்போது மணி மூன்றிருக்கும்" என்பது. நாமும் இவ்வாறே கூறுவதால் இதனைத் தமிழ் மாணவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே முழுச்சொல்லின் மேல் "ஈய" சேர "அப்லரீய" பிறக்கும். இதனை எந்நோக்கில் அடக்குவது என்பதில் இலக்கண நூலார் நெடுங்காலம் மாறுபட்டனர். கராக்கஸ் நகரிற் பிறந்து சிலி நாட்டில் வாழ்ந்த அந்திரேஸ் பெலியோ, 1847இல் தாம் வெளியிட்ட இலக்கணத்தில், இஃது இறந்தகாலத்தில் நின்று நோக்கும் எதிர்காலமே என்றார். "பேசுவதாகச் சொன்னான்" என்னுமிடத்து வருவது இவ்வடிவம். சொன்னது இறப்பு, பேசுவது அவ்விறப்புக்கு எதிர்வு. ஸ்பானிய அரச கல்விக்கழகம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனைத் தனி நோக்காக்கிப் பின்னர் 1973இல் அக்கருத்தைக் கைவிட்டது. பெலியோவின் கருத்தே தெளிவுடையது என்பது எமது துணிபு.

இனி, எல்லாவற்றினும் அரியது. இதுகாறும் கண்டவை, ஒன்றை உள்ளதென்று எடுத்துரைக்கும் கூற்றுநோக்கு. மற்றொன்று சார்புநோக்கு. அதன் வடிவமோ மிக எளிது: முதலினத்தில் அகரம் நின்ற இடத்தில் எகரமும், ஏனை இனங்களில் எகரம் நின்ற இடத்தில் அகரமும் வரும். "ஆப்ல" பேசுகின்றான், "ஆப்லெ" பேச. "கோமெ" உண்கின்றான், "கோம" உண்ண. ஓருயிரின் மாற்றத்தால், சொல்பவன் அச்செய்தியை உறுதியாக நாட்டவில்லை என்பது விளங்கிவிடும்.

"அவன் பேசுகின்றான் என நம்புகின்றேன்" என்பதற்கு "கிரேஒ கெ ஆப்ல". "நம்பவில்லை" எனின் "நோ கிரேஒ கெ ஆப்லெ". "நீ பேசவேண்டுமென விரும்புகின்றேன்" எனின் "கியேரொ கெ ஆப்லெஸ்". ஸ்பானியம் பேசும் ஆசிரியர் ஒருவரைத் தேடுகின்றேன் என ஒருவன் கூறுகின்றான். அவ்வாசிரியர் இன்னார் என்று அவன் அறிந்திருப்பின் "ஆப்ல" என்பான். அத்தகையார் ஒருவர் உளரோ இலரோ என்னும் நிலையில் "ஆப்லெ" என்பான். தமிழில் "பேசும் ஆசிரியர்" என்னும் பெயரெச்சம் இரண்டிற்கும் பொதுவாய் நிற்கின்றது. அவ்வாறே "நீ பேசும்போது" என்பது வழக்கத்தைக் குறிப்பின் "குவாந்தொ ஆப்லஸ்". இனி நிகழவிருப்பதைக் குறிப்பின் "குவாந்தொ ஆப்லெஸ்". நாளை நிகழ்வது இன்னும் உள்பொருளன்று என்பது அம்மொழியின் கணக்கு.

இந்நோக்கை நம் வியங்கோளோடு ஒப்பிடுதல் ஓரளவு பொருந்தும். மரியாதைக்குரியாரை நோக்கிப் "பேசுக" என்னுமிடத்து "ஆப்லெ" என்றே கூறுவர். "பேசாதே" என விலக்குமிடத்தும் "நோ ஆப்லெஸ்" என இந்நோக்கே வரும். "ஆப்ல", "அப்லாத்" என்னும் தனி ஏவல் வடிவங்கள் உடன்பாட்டிற்கே உரியன. "பேசமாட்டானா!" என ஏங்குமிடத்து "ஒஹலா ஆப்லெ" என்பர். "ஒஹலா" என்பது "இறைவன் நாடினால்" என்னும் பொருள்பட வந்த அறபுத் தொடரின் சிதைவு. முஸ்லிம் ஆட்சி ஸ்பெயினில் நிலவிய நூற்றாண்டுகளின் எச்சம். ஆயின் வியங்கோள் தானே வாக்கியத்தை முடிப்பது. சார்புநோக்கோ பெரும்பாலும் இன்னொரு வினையைச் சார்ந்து நடுவே நிற்பது. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நன்று.

சார்புநோக்கின் இறந்தகாலத்துக்கு "அப்லார", "அப்லாஸெ" என ஈரிணை வடிவங்கள் உண்டு. இரண்டும் இலத்தீனின் வெவ்வேறு வடிவங்களிலிருந்து வந்து இன்று ஒரு பொருளில் வழங்குவன. பேச்சில் முன்னதே மிகுதி. "ஸி ஆப்ல, எஸ்குச்சரே" என்பது, அவன் பேசினாற் கேட்பேன் என்பது, பேசினும் பேசலாம். "ஸி அப்லார, எஸ்குச்சரீய" என்பதிலோ, அவன் பேசப்போவதில்லை என்னும் எண்ணம் சொல்பவன் மனத்தே கிடக்கின்றது. தமிழில் இரண்டிற்கும் "பேசினால்" என்பதே போதுமாயிருத்தலின், மாணவன் இவ்வேறுபாட்டைத் தானே வினவித் தெளிதல் வேண்டும். "அப்லார" என்பதை ஈற்றில் அழுத்தி "அப்லரா" என்றுவிட்டாற் பேசுவான் என எதிர்காலமாய்விடும் என்பதையும் நினைவிற் கொள்க.

"அப்லாரெ" என ஒரு சார்புநோக்கு எதிர்காலமும் உண்டு. அது பேச்சில் வழக்கிறந்தது. சட்டநூல்களிலும் பழமொழிகளிலும் மட்டுமே இன்று காணப்படும். கண்டவிடத்து அறிந்துகொண்டாற் போதும்.