பேசாத சர்வரின் சொந்தபந்தம்

பழைய சர்வர் ஒன்றை நிறுத்த வேண்டுமாம். அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சர்வர்களின் உறவைத் தானாகத் துருவி வரைபடமாக்க 'டிஸ்கவரி' மென்பொருள்கள் இருக்கின்றன. அவை நெட்வொர்க்கிலுள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால், நாம் கொடுத்த கடவுச்சொல்லோடு உள்ளே நுழைந்து இணைப்புப் பட்டியலை எடுக்கும். ஒரு வரியைப் பாருங்கள்: இந்த முனையில் போர்ட் 48712, அந்த முனையில் 3306. பின்னது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் வழக்கமாகக் காத்திருக்கும் எண். முன்னது, லினக்ஸ் 32768 முதல் 60999 வரையுள்ள எண்களில் அப்போதைக்கு எடுத்துக் கொடுத்தது. ஆக, கேட்பவர் இவர், கொடுப்பவர் அவர். அவர் படுத்தால் இவரும் படுப்பார். அம்புக்குறி எந்தப் பக்கம் என்பது இப்படித்தான் தீர்மானமாகிறது.

எனக்குப் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். பேச்சு முடிந்ததும் அந்த வரி நிலைக்காது. லினக்ஸில், இணைப்பை முதலில் முடித்துக்கொண்ட பக்கம் அதை 60 விநாடி 'டைம் வெயிட்' நிலையில் வைத்திருந்து அழித்துவிடும். இரவு 2 மணிக்குக் கணக்கு அனுப்பும் நிரல், காலை 11 மணிக்கு எட்டிப் பார்க்கும் மென்பொருளின் கண்ணில் எப்படிப் படும்? மார்ச் 31-இல் மட்டும் விழித்துக்கொள்ளும் சர்வர், படத்தில் அநாதையாகத் தெரியும். எங்கள் தாய்மாமன் வருஷக் கணக்கில் வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். ஆனால் காதுகுத்து என்றால் குழந்தை அவர் மடியில்தான் உட்கார வேண்டும்.

இதனால்தான் நல்ல கருவிகள், அமைப்புக் கோப்புகளில் எழுதியிருக்கும் முகவரிகளையும் படிக்கின்றன. அப்படியும் சில உறவுகள் விபத்தில்தான் வெளிப்படும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை வடக்கு வர்ஜீனியாவில் முடங்கியது. சேவைகளின் நிலையைக் காட்டும் பலகையை உடனே மாற்ற முடியவில்லை. அதை இயக்கும் ஏற்பாடே எஸ்3-ஐ நம்பியிருந்தது!

நம் நிறுவனங்களோ காசு கொட்டி இக்கருவியை வாங்கி, ஒருமுறை படம் வரைந்து, தணிக்கைக்காரரிடம் காட்டிவிட்டு மறந்துவிடுகின்றன. சர்வர்கள் வாராவாரம் மாறும்போது போன வருஷத்துப் படம் எதற்கு?

வாசகருக்குச் சொல்வது இதுதான்: அம்பு இல்லை என்பதற்காக அணைத்துவிடாதீர்கள். ஒரு ஆண்டுக் கணக்கு முடிப்பைத் தாண்டட்டும். பிறகு நெட்வொர்க்கை மட்டும் துண்டித்துவிட்டு, யார் கூச்சல் போடுகிறார்கள் என்று சில வாரம் பாருங்கள். அதுவரை டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம்.