ஓர் ஊர் இரண்டாவது ஏன்?

உறுப்பினர்கள் எத்தனை ஊர்களில் இருக்கிறார்கள் என்று எக்செல்லில் எண்ணினால் விடை கூடுதலாக வருகிறதே என்று அன்பர்கள் என்னைக் கேட்கிறார்கள். கணினி ஊரைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறது. 1-11-2014 முதல் பெங்களூர் 'பெங்களூரு' ஆயிற்று. பட்டியலில் இரண்டும் இருந்தால் இரண்டு ஊர். இதழ்க் கட்டும் இரண்டு. பெயரை ஒன்றாக்கி, பின்னால் ஒட்டியுள்ள வெற்றிடத்தை 'ட்ரிம்' கொண்டு நீக்குங்கள்.

பழைய முறையில் 1-ஐக் 'கவுன்ட்இஃப்' எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுவோம்: நான்கு முறை வரும் ஊர், நான்கு கால் சேர்ந்து ஒன்றாகும். காலிக் கட்டம் இருந்தால் பூஜ்யத்தால் வகுத்த பிழை தெரியும். 2021 பதிப்பின் 'யூனிக்' சத்தமின்றிக் காலியையும் ஓர் ஊராக்கிவிடும். ஆகவே காலிக் கட்டங்களை முதலில் நிரப்புங்கள். ரயில்வேயில் நான் கற்றது: சிவப்பு விளக்குக் காட்டும் கோளாறைவிடக் காட்டாத கோளாறே பொல்லாதது.