கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு: பெற்றோல் ஆவியைத் தேடிப் பிடித்தல்

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம், பொறிமுறைத் தொழினுட்பவியல் மாணவர்களுக்கான பயன்பாட்டுப் பாடம்



1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ். குடாநாட்டில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்ரார்ட் செய்யும்போது மட்டும் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விடுவார்கள். இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய் போதுமானது. ஏன்? பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே விரைவாக ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவியாகாது. பெற்றோலின் இந்தக் குணமே அதன் பயன். அதன் ஆபத்தும் அதுவே.

1. ஆவி எங்கே போகிறது?

வெயிலில் நிற்கும் காரின் தாங்கியினுள் பெற்றோல் ஆவியாகி அமுக்கம் உயரும். பழைய வாகனங்களில் இந்த ஆவி மூடியிலுள்ள சிறு துளையால் வெளியேறியது. அதில் உள்ளவை ஐதரோகாபன்கள். சூரிய ஒளியில் இவை நைதரசன் ஒட்சைட்டுகளுடன் தாக்கமுற்று, நிலமட்டத்தில் ஓசோனையும் புகைமூட்டத்தையும் உண்டாக்கும். பெற்றோலில் சிறிதளவு உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது.

இதனால் கலிபோர்ணியாவில் 1970 மாதிரி வாகனங்களிலிருந்தும், அமெரிக்கா முழுவதும் 1971 மாதிரி வாகனங்களிலிருந்தும் ஆவியைப் பிடித்து வைக்கும் ஒழுங்கு கட்டாயமாயிற்று. அதன் பகுதிகள் வருமாறு:

(அ) காற்றுப் புகாத தாங்கி மூடி.
(ஆ) கனிஸ்ரர் எனப்படும் கரிப்பெட்டி. இதனுள் நுண்துளைகள் நிறைந்த கரி இருக்கும். கரியின் மேற்பரப்பு ஆவியைப் பற்றி வைத்திருக்கும். இதுவே புறத்துறிஞ்சல்.
(இ) பேர்ஜ் வால்வு. இயந்திரம் ஓடும்போது திறந்து, கரியிலுள்ள ஆவியை எரிப்பதற்காக இயந்திரத்துக்கு விடும்.
(ஈ) வென்ட் வால்வு. கரிப்பெட்டிக்கு வெளிக்காற்றை விடும்.
(உ) இவற்றை இணைக்கும் குழாய்கள்.

2. ஒழுக்கு இருப்பதை எப்படி அறிவது?

சைக்கிள் ரியூப்பில் ஒட்டுப் போடுபவர் காற்றடித்து நீரில் அமிழ்த்திக் குமிழியைப் பார்ப்பார். காரை நீரில் அமிழ்த்த முடியாது. ஆகவே வாகனத்தின் கணினி வேறு வழியைக் கையாளுகிறது. வென்ட் வால்வை மூடி, பேர்ஜ் வால்வைத் திறக்கும். இயந்திரம் உறிஞ்சுவதால் தாங்கியின் அமுக்கம் வெளி அமுக்கத்திலும் சற்றுக் குறையும். பின்பு பேர்ஜ் வால்வையும் மூடிவிட்டு அமுக்கத்தைக் கவனிக்கும். அமுக்கம் விரைவாக ஏறினால் எங்கோ துளை உண்டு.

அமெரிக்காவில் 1996 மாதிரி வாகனங்களிலிருந்து ஏறத்தாழ 1 மி.மீ. துளையைக் கண்டறியும் விதி வந்தது. 2000 அளவில் இது 0.5 மி.மீ. ஆகக் கடுமையாக்கப்பட்டது.

கவனிக்க: எல்லா நாடுகளுக்குமான வாகனங்களிலும் இச்சோதனை இல்லை. எச்சரிக்கை விளக்கு எரியாததால் ஒழுக்கு இல்லை என முடிவெடுக்க வேண்டாம். எமது நாட்டில் 2008 இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையும் புகைக்குழாயால் வருவதையே அளக்கிறது. சான்றிதழ் கையிலிருக்கும்போதே தாங்கி ஒழுகலாம்.

3. பலர் தவறவிடும் இடம்

நண்பகலில், சூடான தாங்கியில் இச்சோதனையைச் செய்தால் என்ன நடக்கும்? துளை இல்லாவிட்டாலும் பெற்றோல் ஆவியாகி அமுக்கத்தை உயர்த்தும். ஒழுக்கு என்று தவறாக எண்ணுவோம். இதனால்தான் பல வாகனங்களில் கணினி, இயந்திரம் குளிர்ந்திருந்து ஸ்ரார்ட் ஆகும் வேளையையே தேர்ந்தெடுக்கிறது. ஒரு விளைவுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்றை மாறாமல் வைத்தே மற்றதைச் சோதிக்க வேண்டும். பரிசோதனை வினாக்களில் "கட்டுப்படுத்த வேண்டிய மாறி" என்று கேட்பதும் இதையே.

4. தேடும் ஒழுங்கு

படி 1: மூடி. இறப்பர் வளையத்தில் வெடிப்போ மணலோ உண்டா எனப் பாருங்கள். செலவில்லாத சோதனையே முதலில் வரவேண்டும்.

படி 2: பெற்றோல் நிரப்பும் குழாய். சேறும் உப்பும் படியும் சில்லுப் பக்கத்தில் கறல் பிடித்திருக்கலாம்.

படி 3: இறப்பர் குழாய்கள். வளைவுகளிலும் கிளிப் போட்ட இடங்களிலும் வெடிப்பு வரும்.

படி 4: பேர்ஜ் வால்வு. பெரும்பாலான வாகனங்களில் மின் இல்லாதபோது இது மூடியிருக்க வேண்டும். அப்போதும் காற்றை விட்டால் பழுது.

படி 5: புகைச் சோதனை. இது கராஜில் செய்ய வேண்டியது. மிகக் குறைந்த அமுக்கத்தில் புகையை உள்ளே விட்டு, அது வெளிவரும் இடத்தைப் பார்ப்பார்கள். புகையைக் காற்றுக்குப் பதில் நைதரசனுடன் செலுத்துவது பாதுகாப்பானது.

அடைப்பும் ஒரு பழுதே. 2011 இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் தனது கார்களில் ஒரு தொகுதியைத் திருத்தத்துக்கு அழைத்தது. காரணம், காற்றுக் குழாயில் சிலந்தி கட்டிய கூடு!

5. ஓர் அனுபவம்

அல்லைப்பிட்டியில் எங்கள் பெரியப்பாவின் காரில் பெற்றோல் மணம் வந்தது. நகரிலுள்ள ஒரு கராஜில் இரண்டு பாகங்களை மாற்றினார்கள். பணம் போனது, மணம் போகவில்லை. ஒருநாள் இரவு, மின்சாரம் நின்ற நேரம், பெரியப்பா காருக்கடியில் குனிந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பெற்றோலின் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ −40°C. எங்கள் ஊர் வெப்பத்தில் அது எப்போதும் தீப்பற்றத் தயார். அதன் ஆவி காற்றிலும் மூன்று நான்கு மடங்கு அடர்த்தியானது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அவர் குனிந்த இடமும் அதுவே.

பிறகு வேறொருவர் புகைச் சோதனை செய்தார். பின் சில்லுக்கு மேலே, நிரப்பும் குழாயின் மூட்டில் கறல் அரித்த ஊசித்துளையால் புகை வந்தது. கடற்காற்றுள்ள தீவில் அதை முன்பே பார்த்திருக்கலாம். மாற்றிய இரண்டு பாகங்களிலும் பழுது இருக்கவில்லை.

6. மாதிரி வினா விடை

வினா 1: 1 மி.மீ. விட்டத் துளையின் பரப்பு, 0.5 மி.மீ. துளையினதைப் போல எத்தனை மடங்கு?
விடை: பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். ஆகவே 4 மடங்கு.

வினா 2: புகைச் சோதனையின் அமுக்கம் 35 செ.மீ. நீர் நிரலுக்குச் சமன் எனில், அதைப் பஸ்காலில் தருக. (g = 10 மீ. செக்.⁻²)
விடை: hρg = 0.35 × 1000 × 10 = 3500 பஸ்கால்.

வினா 3: ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தலாமா?
விடை: கூடாது. ரயர் அமுக்கம் ஏறத்தாழ 200 000 பஸ்கால். இது தேவையானதிலும் 50 மடங்குக்கு மேல். தாங்கி, குழாய்கள் சேதமடையும். ஆவி வெளியேறித் தீப்பற்றலாம்.

வினா 4: ஒழுக்கைத் தேடத் தீச்சுவாலையைப் பயன்படுத்தலாகாது. இரு காரணங்கள் தருக.
விடை: (i) சாதாரண வெப்பநிலையிலேயே பெற்றோல் தீப்பற்றும் ஆவியைத் தரும். (ii) ஆவி காற்றிலும் அடர்த்தி கூடியதால் வாகனத்தின் கீழ் தேங்கும்.

நினைவில் வைக்க: முதலில் பார்வை, பின்பு சோதனை, கடைசியிலேயே பாகம் மாற்றல். நெருப்பு எந்தப் படியிலும் இல்லை. நான்காம் வினாவின் விடையைப் பரீட்சைக்கு எழுதுவதோடு நிறுத்தாமல், இன்றிரவே வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.