கயிற்றின் மறுமுனையை விட்டுவிடுவோம்

"சொன்னால் கேட்கிறானில்லை. எதிர்த்து எதிர்த்துக் கதைக்கிறான்." இடம்பெயர்ந்து வாழும் பெற்றோரிடமிருந்து அடிக்கடி எழும் முறைப்பாடு இது.

சொந்த ஊரில் பிள்ளை வளர்ப்பில் பாதியை வயலும் தோட்டமுமே செய்தன. தகப்பன் தண்ணீர் இறைக்க, மகன் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறினான். அங்கே கட்டளை குறைவு. கூடி உழைப்பது அதிகம். காணியை விட்டு வந்தபின் தகப்பனிடம் எஞ்சியது கட்டளை மட்டுமே. பிள்ளையிடம் எஞ்சியது "மாட்டேன்" என்ற சொல் மட்டுமே. இரண்டும் ஒரு சிறு கொட்டிலுக்குள் மோதுகின்றன.

யார் வெல்வது?

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மனநல மருத்துவர் ருடோல்ஃப் டிரைக்கேர்ஸ் (1897–1972), பிள்ளைகளின் குழப்படிக்குப் பின்னால் நான்கு நோக்கங்களைக் கண்டார்: கவனத்தை ஈர்த்தல், அதிகாரத்துக்குப் போட்டியிடல், பழிவாங்கல், தன்னால் இயலாதென ஒதுங்குதல். எது என்பதை அறிய எமது மனத்தையே பார்க்கச் சொன்னார். வெறும் எரிச்சல் வந்தால் பிள்ளை கவனத்தைத் தேடுகிறது. மனம் நொந்தால் அது பழிவாங்கல். கைவிட்டுவிடத் தோன்றினால் பிள்ளை நம்பிக்கை இழந்துள்ளது. "நீயா நானா பார்ப்போம்" என்று கோபம் மூண்டால் அதுவே அதிகாரப் போட்டி.

இப்போட்டியில் நாம் அடித்து வென்றால் பிள்ளை மனதில் வன்மம் வைக்கும். பிள்ளை வென்றால், கத்தினால் காரியம் நடக்கும் என்று பழகிவிடும். கயிறிழுப்பில் ஒருவர் கயிற்றை விட்டால் போட்டி அங்கேயே முடிகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. கோபம் தலைக்கேறிய வேளையில் தீர்ப்புச் சொல்லாதிருப்போம். "பின்னேரம் கதைப்போம்" என்று விலகுவோம். சொன்னபடி பின்னேரம் கட்டாயம் கதைப்போம்.

2. அயலவர் முன்னிலையில் ஏசாதிருப்போம். தறப்பாள் மறைப்புக்கு அப்பால் எல்லாம் கேட்கும். கூட்டாளிகள் பார்த்திருக்கப் பணிந்துபோக எந்த இளைஞனுக்கும் மனம் வராது. தனியே, தாழ்ந்த குரலில் சொல்வோம்.

3. தெரிவு கொடுப்போம். "ஆட்டுக்கு இப்ப குழை வெட்டுறியா, பந்தடிச்சிட்டு வந்து வெட்டுறியா?" வேலை மாறவில்லை, நேரத்தை அவன் தீர்மானிக்கிறான்.

4. தண்டனைக்குப் பதில் செயலின் விளைவைக் காட்டுவோம். கட்டாமல் விட்ட ஆடு பக்கத்து வீட்டுக் கத்தரிக் கன்றுகளைத் தின்றுவிட்டதா? மகன் போய் மன்னிப்புக் கேட்டு, கன்று நட உதவட்டும். அதற்காக அடிப்பதோ, இராச்சாப்பாட்டை நிறுத்துவதோ ஆட்டைக் கட்டக் கற்றுத்தராது.

5. விதிகள் குறைவாக இருக்கட்டும். தாயும் தகப்பனும் அம்மம்மாவும் ஒரே சொல்லில் நிற்கட்டும்.

இவற்றுக்கும் எல்லை உண்டு. கட்டில்லாத கிணறு, கண்ணிவெடி அபாயமுள்ள நிலம், போதைப்பொருள் ஆகியவற்றில் தெரிவும் இல்லை, விளைவைப் பார்த்துப் படிக்க விடுவதும் இல்லை. உடனே தடுப்போம், காரணத்தைப் பிறகு விளக்குவோம்.

எல்லா அடங்காமையும் அதிகாரப் போட்டி அல்ல. இழப்பைக் கண்ட பிள்ளையின் துயரமும் சிலவேளை கோபமாகவே வெளிவரும். நித்திரையின்மை, படுக்கையில் சலம் போதல், எவருடனும் பேசாதிருத்தல் என்பன தொடர்ந்தால் ஆசிரியருடனோ, குடும்பநல உத்தியோகத்தருடனோ, வைத்தியசாலையிலோ கதைப்பது நல்லது. தன்னை அடக்கவும் பின்விளைவை எண்ணவும் உதவும் முன்மூளை முழு வளர்ச்சியடைய இருபது வயதும் கடக்கும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

அதிகாரம் தேடும் பிள்ளைக்கு நல்ல மருந்து பொறுப்பு. கொட்டிலின் பின்னால் நாலு பாத்திக்கு இடமிருந்தால் ஒன்றை மகளிடமோ மகனிடமோ முழுதாக ஒப்படைப்போம். என்ன நடுவது, எப்போது பசளை போடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுப்போம். காய்த்த முதல் வெண்டிக்காயை அவர்கள் கையாலேயே கறிக்கு வாங்குவோம்.